பட்டியலில் ஏறாத செலவு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குடும்ப வரவு செலவு பற்றி எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்க என்ன செலவாகும், அந்தச் செலவை யார், எப்படிச் சுமப்பது? ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்து, இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். ஆனால், ஒரு பிள்ளையை வளர்க்க இவ்வளவு ஆகும் என்று செய்திகளில் வரும் பெரிய தொகைகளைப் பார்த்தால் மனம் பின்வாங்குகிறது. அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. எப்போதும் இருக்கப்போவதும் இல்லை. அந்தத் தொகைகள் உண்மைதானா?

பதில்: பொய் அல்ல, ஆனால் நீங்கள் அஞ்சுகிற பொருளிலும் அவை உண்மை அல்ல. அப்படிப்பட்ட தொகை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி அச்சம் தீரும்.

இந்தத் துறையில் நெடுங்காலமாக மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. 1960 முதல் அவ்வப்போது வெளியான அந்த அறிக்கையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, 2015இல் பிறந்த ஒரு குழந்தைக்குப் பதினேழு வயது முடியும்வரை குடும்பம் செய்யும் செலவை மதிப்பிட்டது. நடுத்தர வருமானமுள்ள, தாய் தந்தை இருவரும் சேர்ந்து வாழும் குடும்பத்தில் அந்தச் செலவு பிரிந்த விதத்தைப் பாருங்கள்: வீட்டுக்கு 29 விழுக்காடு, உணவுக்கு 18, குழந்தைகள் காப்பகத்துக்கும் கல்விக்கும் சேர்த்து 16, போக்குவரத்துக்கு 15, மருத்துவத்துக்கு 9, உடைக்கு 6, மற்றவற்றுக்கு 7. நாட்டுக்கு நாடு இந்த விகிதங்கள் மாறும். பள்ளிக் கல்வி இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஒரு மாதிரியும், கிடைக்காத இடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். ஆனாலும், குழந்தைச் செலவு என்றதும் நம் கண்முன் வந்து நிற்கிற தொட்டிலும் பொம்மையும் சின்னச் சட்டையும் இந்தப் பட்டியலில் மிகச் சிறிய இடத்தையே பிடிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். தலைக்கு மேலே இருக்கும் கூரைதான் முதலிடத்தில் நிற்கிறது.

அந்தக் கூரைக்கான தொகையை எப்படி எடுத்தார்கள் என்பதும் முக்கியம். குழந்தைக்காக ஒரு படுக்கையறை கூடுதலாக உள்ள வீட்டுக்குச் சராசரியாக எவ்வளவு அதிகம் ஆகிறது என்று பார்த்து, அதைக் குழந்தையின் கணக்கில் சேர்த்தார்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் அறை ஒதுக்கக்கூடியதாக இருந்தால், அல்லது குழந்தை சில ஆண்டுகள் உங்களுடனேயே உறங்கினால், அந்தப் பெரிய பங்கு உங்கள் கையிலிருந்து புதிதாகப் போவதில்லை. மேலும், செய்தியில் வரும் தொகை பதினேழு பதினெட்டு ஆண்டுகளுக்கானது. மூன்று வேளை உணவுக்கு உங்கள் இருவருக்கும் அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் ஆகப்போகும் செலவை இன்றே கூட்டிப் பார்த்தாலும் மலைப்பாகத்தான் இருக்கும். அதற்காக யாரும் சாப்பிடாமல் இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. அந்த அறிக்கை சொல்வது, குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்பதைத்தான். எவ்வளவு தேவை என்பதை அன்று. வருமானம் கூடக்கூடச் செலவும் கூடுகிறது. எவ்வளவு தேவை என்னும் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் முறையும் வேறாக வேண்டும். பிரிட்டனில் சைல்ட் பாவர்ட்டி ஆக்‌ஷன் குரூப் என்னும் அமைப்பு 2012 முதல் வெளியிட்டு வரும் கணக்கு அந்த வகையைச் சேர்ந்தது. பொதுமக்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, ஒரு குழந்தை குறைவின்றி வளர எவையெல்லாம் இன்றியமையாதவை என்று அவர்களே பேசி முடிவுசெய்ய, அந்தப் பொருள்களுக்கு விலை போட்டுப் பார்க்கிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படுவது இந்த இரண்டாம் வகைக் கணக்கே. நீங்கள் இருவரும் ஒரு மாலை அமர்ந்து, உங்கள் பிள்ளைக்கு இல்லாமல் முடியாது என்று இருவருமே ஒப்புக்கொள்பவற்றை மட்டும் எழுதிப் பாருங்கள். முதலில் ஓராண்டுக்கு எழுதினால் போதும்.

அப்படி எழுதும்போது, அமெரிக்க அறிக்கையும் எழுதாமல் விட்ட ஒரு வரி உங்கள் பட்டியலிலும் விடுபட்டுப் போகும் வாய்ப்பு அதிகம். பிள்ளையைக் கவனிக்கச் செலவாகும் நேரமும், அந்த நேரத்தால் இழக்கும் சம்பளமும்தான் அது. இதைக் கீழே இன்னொரு வாசகியின் கேள்வியில் விரிவாகப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் இப்போதே குறிப்பிட்டு வைக்கிறேன்.

கேள்வி: முதல் மகளுக்கு மூன்று வயதாகிறது. இரண்டாவது குழந்தை பெற்றுக்கொண்டால் செலவு இரட்டிப்பாகும் என்று கணவர் சொல்கிறார். ஒரு குழந்தைக்கு வாங்கியதே இன்னொன்றுக்கும் ஆகிவிடும் என்று என் தாயார் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. கணக்குப்படி தராசு உங்கள் தாயாரின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

குடும்பத்தின் அளவு கூடும்போது தேவை எவ்வளவு கூடும் என்று அளக்கப் புள்ளியியலாளர்கள் சில அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் 1990களில் ஏற்றுக்கொண்டு இன்றும் பயன்படுத்தும் அளவுகோலில், வீட்டின் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, பதினான்கு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3 என்று எடை கொடுக்கிறார்கள். கணவனும் மனைவியும் 1.5, ஒரு குழந்தையோடு 1.8, இரண்டோடு 2.1. அதாவது, நீங்கள் இருவர் மட்டும் வாழ்ந்த அதே தரத்தில் ஒரு குழந்தையோடும் வாழ 20 விழுக்காடு கூடுதல் வருமானம் தேவை. இரண்டு குழந்தைகளோடு வாழ 40 விழுக்காடு. பிள்ளைக்கு 14 வயது ஆனதும் அதே அளவுகோல் அவனையும் பெரியவராகக் கருதி 0.5 என்று எடை போடுகிறது. வளரும் பிள்ளை இருக்கும் வீட்டார் இதை ஒப்புக்கொள்வார்கள். மேலே சொன்ன அமெரிக்க அறிக்கையோ உண்மைச் செலவையே பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைவிட ஒற்றைப் பிள்ளை உள்ள வீடு 27 விழுக்காடு அதிகமாகச் செலவிடுகிறது என்றும், மூன்றும் அதற்கு மேலும் உள்ள வீடு பிள்ளை ஒன்றுக்கு 24 விழுக்காடு குறைவாகச் செலவிடுகிறது என்றும் கண்டது.

இந்தச் சராசரிகளுக்குப் பின்னால் இருப்பது எளிய உண்மை. அறை, கட்டில், தள்ளுவண்டி, உடை, புத்தகம் ஆகியவை ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குக் கைமாறும். காப்பகக் கட்டணம், மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், பயணச் சீட்டு ஆகியவை கைமாறாது, தலைக்கு ஒன்று. இவை இரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. அது படிக்கட்டுபோல வரும் செலவு. ஒரு வீட்டில் நால்வர் நெருக்கிக்கொண்டு வாழலாம், ஐவரால் இயலாது என்னும் நிலை வரும்போது வீட்டையே மாற்ற நேர்கிறது. அந்தப் படி உங்கள் குடும்பத்துக்கு எந்தப் பிள்ளையில் வருகிறது என்பதே நீங்கள் இருவரும் உண்மையாகப் பேச வேண்டியது. பலருக்கு இரண்டாவது பிள்ளையில் வராது, மூன்றாவதில் வரும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்பது, மொத்தச் செலவைவிடச் செலவு வந்து விழும் நேரத்தை அதிகமாக மாற்றும். இரண்டு ஆண்டு இடைவெளி என்றால் பொருள்கள் சூடு ஆறுமுன் கைமாறும். ஆனால் காப்பகக் கட்டணம் இரண்டாகச் சேர்ந்து நிற்கும் ஆண்டுகளும், இருவரும் ஒரே நேரத்தில் உயர்கல்வியில் இருக்கும் ஆண்டுகளும் கையைக் கடிக்கும். ஆறு ஆண்டு இடைவெளி என்றால் அந்த இரண்டு மேடுகளும் தனித்தனியே வரும். ஆனால், சிறு குழந்தையைக் கவனிக்கும் காலம் நீளும். அதற்காக வேலையைக் குறைத்துக்கொள்பவர் யாரோ அவர் அதிக ஆண்டுகள் இழப்பார். எந்த இடைவெளி நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வருமானம் ஏற்ற இறக்கமாக உள்ளவர்களுக்கு மேடுகள் பிரிந்து வருவது நல்லது; நிலையான சம்பளமும் கைவசம் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவர்களுக்கு நெருக்கமான இடைவெளி தாங்கக்கூடியது.

கேள்வி: எந்த வயதில் செலவு அதிகம்? கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிவிட்டால் மூச்சு விடலாம் என்கிறார்களே?

பதில்: கொஞ்ச காலம் விடலாம். காப்பகக் கட்டணம் முடிந்து தொடக்கப் பள்ளி தொடங்கும்போது பல குடும்பங்களில் ஒரு தளர்வு வருகிறது. ஆனால் உணவு, உடை, போக்குவரத்து எல்லாம் வயதோடு சேர்ந்து ஏறுகின்றன. பதினைந்து முதல் பதினேழு வரையிலான வயதில்தான் ஆண்டுச் செலவு உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே, இடைப்பட்ட ஆறேழு ஆண்டுகளை ஓய்வு என்று எண்ணி, காப்பகத்துக்குக் கட்டிவந்த தொகையை வேறு பழக்கங்களில் கரைத்துவிடாதீர்கள். அந்தக் கட்டணம் நின்ற மாதத்திலிருந்தே அதே தொகையை, முடியாவிட்டால் அதில் பாதியையாவது, தனிக்கணக்கில் போட்டு வாருங்கள். இல்லாமல் வாழப் பழகிய பணம் அது. இப்போது தனியே எடுத்துவைப்பது பெரிதாக உறைக்காது.

கேள்வி: எனக்கு ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. காப்பகத்துக்குக் கட்டும் தொகை என் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. "இதற்காகவா வேலைக்குப் போகிறாய்? வீட்டிலிருந்தால் அந்தப் பணம் மிச்சம்" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: சகோதரி, விடுவதும் விடாததும் உங்கள் முடிவு. ஆனால் அந்தக் கணக்கு தவறானது. தவறான கணக்கின் பேரில் அந்த முடிவை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் தவறு, காப்பகக் கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பது. குழந்தை இருவருக்கும் உரியது. கட்டணமும் இருவருக்கும் உரியது. குடும்ப வருமானம் முழுவதிலிருந்தும் கழித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்று தெரியும். இந்தக் கேள்வியை யாரும் உங்கள் கணவரிடம் கேட்கவில்லை என்பதை நான் வருத்தத்தோடு கவனிக்கிறேன்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. கட்டணம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். விட்டுப்போன வேலையால் வரும் இழப்பு முடிவதில்லை. எளிய எண்களில் சொல்கிறேன். உங்கள் இப்போதைய ஆண்டுச் சம்பளத்தை 100 பங்கு என்று கொள்வோம். அதில் 70 பங்கு காப்பகத்துக்குப் போகிறது. சம்பளமும் கட்டணமும் ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுகின்றன. வேலையில் தொடர்ந்தால் ஐந்தாண்டுகளுக்குப் பின் உங்கள் சம்பளம் ஏறத்தாழ 128 பங்கு. ஐந்தாண்டுகள் விட்டுவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் 100லிருந்தே தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலருக்கு அதுவே கிடைப்பதில்லை. அந்த 28 பங்கு இடைவெளி அதன்பின் நீங்கள் உழைக்கும் ஒவ்வோர் ஆண்டும் கூடவே வரும், வளரவும் செய்யும். வேலையை விட்ட ஐந்தாண்டுகளையும் அதற்குப் பிந்திய இருபதாண்டுகளையும் சேர்த்துக் கூட்டி, பின்னால் வரும் பணத்தின் மதிப்பையும் அதே 5 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்த்தாலும், இழப்பு 580 பங்குக்கு மேல் வருகிறது. கட்டணமாகக் கட்டாமல் மிச்சப்படுத்தியதைக் கழித்த பின்னர் நிற்கும் தொகை இது. மிச்சம் என்று சொல்லப்பட்ட வழியில், கிட்டத்தட்ட ஆறு ஆண்டுச் சம்பளம் போகிறது. ஓய்வுக்காலச் சேமிப்பில் விழும் ஓட்டையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இது என் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். டென்மார்க்கின் பதிவேடுகளை வைத்து ஹென்ரிக் கிளேவன், கமில் லாண்டே, யாக்கோப் சோகார்டு ஆகிய பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, முதல் குழந்தை பிறக்கும்வரை ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே தடத்தில் செல்வதையும், பிறந்தவுடன் பெண்ணின் வருமானம் சட்டென்று சரிவதையும், நீண்ட காலத்தில் ஆணோடு ஒப்பிட அது சுமார் 20 விழுக்காடு குறைந்தே நிற்பதையும் காட்டியது. தந்தையின் தடத்தில் எந்தச் சரிவும் இல்லை. காப்பகங்களும் விடுப்பும் தாராளமாக உள்ள நாட்டிலேயே நிலைமை இது. 2023இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினின் நெடுநாள் ஆய்வும் இதே இடத்தில்தான் விரலை வைக்கிறது: இன்று ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஊதிய வேறுபாட்டின் பெரும்பகுதி முதல் குழந்தையின் பிறப்போடு எழுகிறது.

என் இரண்டு பிள்ளைகளும் சிறியவர்களாக இருந்தபோது நான் ஒழுங்காகக் கணக்கு நோட்டு எழுதிவந்தேன். பால் புட்டியிலிருந்து பள்ளிப் பை வரை அதில் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் நான் அரைநேர வேலைக்கு மாறிய செய்தி அதன் எந்தப் பக்கத்திலும் இல்லை. பணம் கையை விட்டுப் போனால்தான் எழுதத் தோன்றுகிறது; கைக்கு வராமலே போனதை எழுத யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த நோட்டைப் புரட்டியபோதுதான், என் பிள்ளைகளுக்கு ஆன மிகப் பெரிய செலவு அதில் ஏறவே இல்லை என்று கண்டேன். அந்த ஆறு ஆண்டுகளுக்காக நான் வருந்தவில்லை. எழுதாமல் விட்டதற்கு வருந்துகிறேன். எழுதியிருந்தால் அதை இருவரும் பகிர்ந்துகொள்வது பற்றியாவது வீட்டில் பேசியிருப்போம்.

நம்பிக்கையான காப்பகம் கிடைக்காமல் இருக்கலாம். குழந்தைக்கு உடல்நலக் குறைவு இருக்கலாம். நீங்களே அருகில் இருக்க வேண்டும் என்று மனம் விரும்பலாம். அவையெல்லாம் நேர்மையான காரணங்கள். அப்படியானால் முடிவை இருவரும் சேர்ந்து எடுத்ததாக எழுதிவையுங்கள். உங்கள் கணவரின் வருமானத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை உங்கள் பெயரில் ஓய்வுக்காலச் சேமிப்பாகப் போகட்டும். அதற்கும் முன்பாக, இடைவழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: முழுவதும் விடாமல் நேரத்தைக் குறைத்துக்கொள்வது, ஊதியமில்லா விடுப்பு, கணவரும் சில மாதங்கள் விடுப்பெடுப்பது. சுவீடன் 1974இல் தாய்க்கான விடுப்பைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பெற்றோர் விடுப்பாக மாற்றியது. நார்வே 1993இல் தந்தை எடுக்காவிட்டால் வீணாகிவிடும் ஒரு பகுதியையே ஒதுக்கியது. உங்கள் கணவரின் அலுவலக விதிகளில் என்ன இருக்கிறது என்று இதுவரை பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை.

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது. அவனுடைய உயர்கல்விக்குச் சேமிப்பதா, எங்கள் முதுமைக்குச் சேமிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் போதுமான வருமானம் இல்லை. குழந்தையின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லி ஒரு முகவர் வற்புறுத்துகிறார்.

பதில்: கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில். ஆயுள் காப்பீடு என்பது ஒருவருடைய வருமானம் நின்றுபோனால் அதை நம்பியிருப்பவர்கள் தவிக்காமல் இருப்பதற்கானது. உங்கள் மகனின் வருமானத்தை நம்பி யாரும் இல்லை. உங்களையும் உங்கள் மனைவியையும் நம்பித்தான் அவன் இருக்கிறான். ஆகவே, சம்பாதிக்கும் இருவர் பெயரிலும் சேமிப்புக் கலப்பில்லாத டேர்ம் காப்பீடு இருக்கட்டும். மனைவி வெளியே வேலை செய்யாதவராக இருந்தாலும், அவர் இல்லாவிட்டால் குழந்தையைக் கவனிக்க ஆள் வைக்கும் செலவை எண்ணி, அவர் பெயரிலும் ஒரு தொகை தேவை. அடுத்து, குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணம் உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் முடிந்த பிறகே உங்கள் கேள்வி எழுகிறது.

அதற்கு என் விடை: முதுமைக்கு முதலிடம் கொடுங்கள். இது பிள்ளையை ஒதுக்குவதாகாது. கல்விக்குக் கடன் கிடைக்கும், உதவித்தொகை கிடைக்கும், குறைந்த கட்டணமுள்ள இடம் கிடைக்கும், பகுதிநேர வேலை செய்துகொண்டே படிக்கவும் முடியும். முதுமைக்கு யாரும் கடன் தருவதில்லை. கையில் ஒன்றுமில்லாமல் முதுமையை அடைந்த பெற்றோரின் செலவு, பிள்ளை தன் குடும்பத்தைத் தொடங்கும் அதே ஆண்டுகளில் அவன் தோளில் ஏறும்.

கல்விக்குச் சிறிதளவாவது இப்போதே தொடங்குவது நல்லது. காரணம், கூட்டு வட்டி. ஆண்டுக்கு 6 விழுக்காடு வளரும் ஒரு முதலீட்டில், பிறந்தது முதல் பதினெட்டு ஆண்டுகள் சேமிப்பவர் அடையும் தொகையை, பத்தாவது வயதில் தொடங்குபவர் எட்டே ஆண்டுகளில் அடைய வேண்டுமானால் ஆண்டுதோறும் மூன்று மடங்குக்கும் மேலாகப் போட வேண்டியிருக்கும். விலைவாசியும் அதே விதத்தில்தான் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்: 72ஐ ஆண்டு உயர்வு விழுக்காட்டால் வகுத்தால், எத்தனை ஆண்டில் விலை இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். 6 விழுக்காடு என்றால் பன்னிரண்டு ஆண்டுகள். எனவே, இன்றைய கல்விக் கட்டணத்தை இலக்காக வைத்துச் சேமிக்காதீர்கள்.

கேள்வி: நானும் கணவரும் பிரிந்துவிட்டோம். மகன் என்னோடு இருக்கிறான். பள்ளிக் கட்டணத்தில் சரிபாதியைக் கொடுத்துவிட்டு, தன் கடமை முடிந்தது என்கிறார் அவன் தந்தை. அவருடைய வருமானம் என்னுடையதைவிட மிக அதிகம். இது நியாயமா?

பதில்: இல்லை, இரண்டு காரணங்களால்.

ரசீது உள்ள செலவில் பாதியைக் கொடுப்பது, செலவில் பாதியைக் கொடுப்பது ஆகாது. இந்தப் பகுதியின் தொடக்கத்தில் தந்த விகிதங்களைப் பாருங்கள். காப்பகமும் கல்வியும் சேர்ந்தே 16 விழுக்காடுதான்; வீடு மட்டும் 29. மகனுக்காக நீங்கள் ஓர் அறை பெரிய வீட்டில் இருப்பதற்கும், அவன் குளிக்கும் நீருக்கும், எரியும் விளக்குக்கும் அவன் பெயரில் ரசீது வருவதில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் நீங்கள் வேலைக்குப் போகாமல் இழந்த ஊதியத்துக்கும் ரசீது இல்லை.

வருமானம் சமமில்லாதபோது சரிபாதி என்பதும் சமம் அன்று. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் முறை, தாய் தந்தை இருவரின் வருமானத்தையும் கூட்டி, சேர்ந்து வாழ்ந்திருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று மதிப்பிட்டு, அதை அவரவர் வருமான விகிதத்தில் பிரிப்பது. மொத்த வருமானத்தில் அவருடையது 70 பங்கு, உங்களுடையது 30 பங்கு என்றால் செலவும் அப்படியே பிரியும். உங்கள் நாட்டுச் சட்டம் வேறு முறையைக் கையாளலாம். பராமரிப்புத் தொகை பற்றி ஒரு வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள். ஆனால், ஏறக்குறைய எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, குழந்தையின் வளர்ச்சிக்குத் தேவையான வாழ்க்கைச் சூழலைத் தத்தம் பொருள் வசதிக்கு ஏற்ப அமைத்துத் தருவது பெற்றோரின் முதன்மைப் பொறுப்பு என்கிறது. அந்தப் பராமரிப்பைப் பெற்றுத்தர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் கேட்பது உங்களுக்கான உதவி அல்ல. அது மகனுடைய உரிமை. கேட்கத் தயங்காதீர்கள், கேட்பதற்கு முன் மூன்று மாதச் செலவை, ரசீது இல்லாதவற்றையும் சேர்த்து, எழுதிவையுங்கள்.

கேள்வி: நான் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவன். பிறர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்க என் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?

பதில்: உங்கள் முடிவை மதிக்கிறேன். ஆனால் நாளை உங்களுக்கு மருத்துவம் பார்ப்பவரும், நீங்கள் முதியவரான பிறகு வரி கட்டி உங்கள் ஓய்வூதியத்தைத் தாங்குபவரும் இன்று யாரோ ஒருவர் வீட்டில் வளர்கிறார்கள். அவர்களை வளர்க்கும் செலவைப் பெற்றோர் ஏற்கிறார்கள். பயனை எல்லோரும் பெறுகிறோம். நான்சி ஃபோல்பர் என்னும் பொருளியலாளர் 1994இல், பிள்ளைகளைப் பொதுநலன்களாகவே கருத வேண்டும் என்று எழுதியது இந்தப் பொருளில்தான்.

அதற்கும் முன்பே எலினார் ராத்போன் என்னும் பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி, குடும்பத்தின் அளவைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கும் முறையில் பிள்ளைகளும் தாய்மாரும் பங்கின்றி விடப்படுகிறார்கள் என்று சொல்லி, இருபதாண்டுகளுக்கு மேல் பிரிட்டனில் போராடினார். 1945இல் அங்கே குடும்பப்படிச் சட்டம் நிறைவேறியது. முதல் குழந்தையை விட்டு, அடுத்தடுத்த குழந்தைகளுக்கு மட்டுமே அப்போது படி கிடைத்தது. ஆனால் அந்தப் பணம் தாயின் கைக்கே போக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்று வென்றார். அந்தப் படி பெற்றோர் செய்யும் செலவை ஈடுகட்டுவதில்லை. ஒரு சிறு பகுதியை ஊரார் பகிர்ந்துகொள்வதுதான்.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. எதைக் கேட்டாலும் "உனக்காக எவ்வளவு செலவு செய்திருக்கிறோம் தெரியுமா" என்று அப்பாவும் அம்மாவும் சொல்கிறார்கள். நான் பிறக்காமல் இருந்திருந்தால் அவர்கள் வசதியாக இருந்திருப்பார்களோ என்று தோன்றுகிறது. இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பதில்: கண்ணே, உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

நீ எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கடன் என்பது வாங்குபவர் ஒப்புக்கொண்டு வாங்குவது. உன்னைப் பெறுவது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். அந்தச் செலவு அவர்களுடைய முடிவின் செலவு. பிள்ளைகள் சிறுவயதிலேயே உழைத்துப் பெற்றோருக்குக் கொடுத்துவந்த காலம் உலகெங்கும் இருந்தது. ஜான் கால்டுவெல் என்னும் மக்கள்தொகை அறிஞர் 1976இல் எழுதியபடி, முன்பு பிள்ளையிடமிருந்து பெற்றோரை நோக்கி ஓடிய செல்வம் பின்னர் பெற்றோரிடமிருந்து பிள்ளையை நோக்கித் திரும்பியது. பள்ளிக்கூடம் எல்லோருக்கும் என்று ஆனது இந்தத் திருப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம். நீ பள்ளியில் இருப்பதே அந்த ஓட்டத்தின் திசை மாறியதால்தான்.

உன் பெற்றோர் அப்படிப் பேசுவது உன்னைச் சுமையாக நினைப்பதால் இருக்காது. மேலே உள்ள பதில்களில் ஒன்றை நினைத்துப் பார்: பதினைந்து முதல் பதினேழு வரையிலான வயதில்தான் செலவு உச்சத்தைத் தொடுகிறது. அவர்கள் இப்போது நெருக்கடியில் இருக்கக்கூடும். அதை உன்னிடம் நேராகச் சொல்ல அவர்களுக்கு வழி தெரியாமல் இருக்கலாம். ஒரு நல்ல நேரம் பார்த்து, "வீட்டுக் கணக்கை எனக்கும் காட்டுங்கள், தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று கேள். இந்தப் பக்கத்தையும் அவர்களிடம் கொடு.

அதைப் படிக்கும் அந்தப் பெற்றோருக்கு: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எர்வின் ரோத்பார்த் என்னும் பொருளியலாளர் 1943இல் பிள்ளைச் செலவை அளக்க ஒரு வழி சொன்னார். பிள்ளை வந்த பிறகு பெற்றோர் தங்களுக்கென்று வாங்கிக்கொள்வதில் எவ்வளவைக் குறைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் போதும் என்றார். நீங்கள் குறைத்துக்கொண்டது உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. மகளுக்குத் தெரிவது நீங்கள் சொல்லிக்காட்டும் ஒரு வாக்கியம் மட்டுமே. இந்த மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, அவள் கேட்டதில் எது இப்போது முடியும், எது ஆறு மாதம் கழித்து முடியும் என்று எண்களோடு அவளிடம் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு புரியும்.